“கேஸ்ட்ரிக்தான்” என்று நாமே முடிவு பண்ணிடாதீங்க



இது கொஞ்சம் நீளமான பதிவு. திருவிழா அறிவிப்பும் இல்லை, நன்கொடை கேட்டு எழுதுவதும் இல்லை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. வீட்டில் வயசானவங்களோ கைக்குழந்தையோ இருந்தா கட்டாயம் படிங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பந்தி பரிமாறும்போது எங்கள் காதில் அதிகம் விழும் வார்த்தை “கேஸ்ட்ரிக்”. “ரசம் வேணாம்மா, கேஸ்ட்ரிக்.” “இந்த வருஷம் விரதம் இருக்க முடியல, கேஸ்ட்ரிக்.” “நெஞ்சு எரியுது தம்பி, கேஸ்ட்ரிக்தான், வேற ஒன்னும் இல்ல.” நம்ம மலேசியத் தமிழர்கள் வாயில் இந்த ஒரே சொல் பத்து நோய்க்குப் பெயராகிவிட்டது. வயிற்றுப்புண், வாயு, புளிச்ச ஏப்பம், பித்தப்பைக் கல் எல்லாம் கேஸ்ட்ரிக். சில சமயம் மாரடைப்பும் கேஸ்ட்ரிக். பெயர் ஒன்றாகிப் போனதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது: ஒரு பாக்கெட் ஈனோ, இல்லைன்னா கிளினிக்கில் கொடுக்கும் வெள்ளை மருந்து.

எங்கள் குழுவில் அரசாங்க மருத்துவமனையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி அக்கா ஒருவர் இருக்கிறார். குழுவில் யாருக்காவது உடம்பு முடியலைன்னா அவரும் எங்களில் இரண்டு பேரும் கூடப் போவது வழக்கம். அப்படிப் போய்ப் போய், எந்தப் பரிசோதனை எதுக்காகச் செய்யறாங்க என்று ஓரளவு புரிஞ்சுக்கிட்டோம். அதைத்தான் இங்கே பகிர்ந்துக்கிறோம். நாங்கள் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்க இந்தப் பதிவு உதவினால் போதும்.

அமிலம் ஏன் மேலே வருது?

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. சாப்பாடு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் இரைப்பையில் இருக்கும் அமிலம் மேலே ஏறும். இது எல்லாருக்கும் எப்போதாவது நடப்பதுதான். அடிக்கடி நடந்து தொல்லை கொடுத்தாலோ, உணவுக்குழாயைப் புண்ணாக்கினாலோதான் அதை நோய் என்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூன்று இனத்தாரையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் இந்தத் தொல்லை இந்தியர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்திருக்கு. ராத்திரி 11 மணிக்கு மாமாக் கடையில் மீ கோரேங்கும் தே தாரேக்கும் முடிச்சுட்டு நேராகப் போய்ப் படுக்கும் நம்ம பழக்கமும் இதுக்கு நல்லதில்லை.

நெஞ்சு வலின்னா முதல் பரிசோதனை வயிற்றுக்கு இல்லை

மடப்பள்ளியில் பெரிய அண்டா தூக்கும் அண்ணன் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர். ஒரு நாள் சாயங்காலம் காய்கறி நறுக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்கு நடுவே எரிச்சல், சட்டை முழுக்க வேர்வை. “கேஸ்ட்ரிக்தாம்மா, ஈனோ கொடுங்க, போயிடும்” என்றார். மிஸ்ஸி அக்கா ஈனோவைத் தேடப் போகவில்லை, 999க்குத்தான் அழைத்தார். மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மாரடைப்பு. அன்று ராத்திரியே ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணன் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார், அண்டா மட்டும் தூக்க விடுவதில்லை.

அமிலம் ஏறும் எரிச்சலும் இதய வலியும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி தெரியலாம். உள்ளே இருப்பது எதுன்னு வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை உள்ளவங்களுக்கும் பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் அஜீரணம், மூச்சு வாங்கல், களைப்பு என்றும் வரலாம். ஈனோ குடிச்சதும் கொஞ்சம் குறைஞ்சது என்பதும் ஆதாரம் ஆகாது. அதனால் புதுசா நெஞ்சில் அழுத்தம், வேர்வை, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல் வந்தால் முதலில் இசிஜி. வயிற்றுப் பரிசோதனை எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

பெரியவங்களுக்கு: எந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்கு?

நல்ல டாக்டர் முதலில் செய்யும் பரிசோதனை கேள்வி கேட்பதுதான். எரிச்சல் சாப்பிட்ட பிறகா, படுத்தாலா, குனிந்தாலா? புளிச்ச தண்ணி வாய்க்கு வருதா? எடை குறைஞ்சதா? வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க? இதுக்கெல்லாம் சரியான பதில் தயாரா இருந்தால் பாதி வேலை முடிஞ்சது.

நெஞ்செரிச்சலும் புளிப்பு மேலே வருவதும் மட்டும் இருந்து, அபாய அறிகுறி எதுவும் இல்லைன்னா, பெரும்பாலும் உடனே டியூப் விட மாட்டாங்க. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மருந்தை 8 வாரம் கொடுத்துப் பார்ப்பாங்க. இதுவும் ஒரு வகைச் சோதனைதான். சாப்பிடுவதுக்கு 30 முதல் 60 நிமிஷம் முன்னாடி எடுக்கணும். சாப்பிட்ட பிறகு ஞாபகம் வந்து போட்டுக்கிட்டு “மருந்து கேக்கல” என்பவர்கள் நம்ம பந்தியிலேயே நிறைய பேர். மருந்து கேட்டால் அமிலமாக இருக்கலாம் என்று அர்த்தம், உறுதி இல்லை. புண் இருந்தாலும் இதே மருந்து கேட்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு விஷயம். இந்த மருந்துகளில் கேப்சூல் வடிவில் வருபவற்றின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது தெரிந்து சிலர் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீங்க. மருந்தகத்தில் வாய்விட்டுக் கேளுங்க, மாத்திரை வடிவிலும் இருக்கு.

அபாய அறிகுறிகள் இவை: விழுங்கும்போது சாப்பாடு சிக்குவது, விழுங்கினால் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, ரத்தச்சோகை, ஓயாத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 8 வாரம் காத்திருக்காதீங்க. வயசான காலத்தில் புதுசா ஆரம்பிக்கும் தொல்லையையும் தள்ளிப் போடாதீங்க. அப்போது தேவை, நாம “ஸ்கோப்” என்று சொல்லும் ஓஜிடிஎஸ்.

ஸ்கோப்புக்குப் பயந்தே பல பேர் தேதியைத் தவற விடுறாங்க. சுண்டு விரல் தடிமனில் கேமரா வைத்த டியூப். முதல் நாள் ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பாங்க, தேவைப்பட்டால் மயக்க ஊசியும் போடுவாங்க. பார்ப்பது சில நிமிஷம்தான். மயக்க ஊசி போட்ட அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேணும். வீட்டில் ஆள் இல்லைன்னா எங்களிடம் சொல்லுங்க, நாங்கள் வருகிறோம். இன்சுலின் போடுபவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தேதி வாங்கும்போதே அதைச் சொல்லணும்.

ஸ்கோப்பில் உணவுக்குழாய்ப் புண் தெரிந்தால் ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பாங்க. சி, டி என்றால் அமில நோய் என்பதில் சந்தேகமில்லை. ஏ மட்டும் என்றால் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. தேவைப்பட்டால் சின்னத் துண்டு சதை எடுத்து, எச்.பைலோரி கிருமி இருக்கா என்றும் பார்ப்பாங்க. அந்தக் கிருமி நம்ம நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அதிகம். ஆனால் அது வயிற்றுப்புண் கதை, அமிலம் மேலேறும் கதை வேற. அதுக்கு மூச்சுப் பரிசோதனையும் உண்டு.

முக்கியமாக ஒன்று: ஸ்கோப்பில் எதுவும் தெரியலைன்னா நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. அமிலத் தொல்லை உள்ள பல பேருக்கு உணவுக்குழாய் பார்க்க நல்லாத்தான் இருக்கும். அங்கேதான் அடுத்த பரிசோதனை வருது.

பூக்கட்டும் அக்காவின் 24 மணி நேரம்

எங்கள் பூக்கட்டும் அக்கா ஒருவருக்கு விடாத வறட்டு இருமல். நெஞ்செரிச்சல் கிடையாது. அமிலம் தொண்டைக்கு ஏறுதுன்னு ஒரு கிளினிக்கில் சொல்லி, ரெண்டு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டார். இருமல் நிற்கவில்லை. ஸ்கோப் பார்த்தார்கள், எல்லாம் சரி என்று வந்தது. “ஒன்னும் இல்லைன்னு சொல்லிட்டாங்க, அப்ப நான் நடிக்கிறேனா?” என்று அழுதார்.

பிறகு பெரிய மருத்துவமனையில் 24 மணி நேர பிஎச் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். ஒரு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய், அதன் நுனி உணவுக்குழாயின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே நிற்கும். மறுமுனை இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியில். அமிலம் ஏறும் ஒவ்வொரு தடவையும் பெட்டி பதிவு செய்யும். இருமல் வந்தால் பட்டனை அழுத்தணும், சாப்பிட்டது, படுத்தது எல்லாம் எழுதி வைக்கணும். குழாய் விடுவதுக்கு முன், மானோமெட்ரி என்று வேறொரு குழாய் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, உணவுக்குழாய்த் தசை எப்படி அழுத்துதுன்னு அளந்தார்கள். வளையத் தசை சரியா எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கவும், அது திறக்காத வேறு நோய் இருக்கான்னு பார்க்கவும் அது தேவை. மூக்கில் குழாய் வேண்டாம் என்பவர்களுக்கு, உணவுக்குழாயில் ஒட்ட வைக்கும் சின்ன கேப்சூலும் சில இடங்களில் உண்டு. அது 2 முதல் 4 நாள் பதிவு செய்துவிட்டுத் தானாக விழுந்துவிடும்.

அக்கா வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. மூக்கில் பிளாஸ்திரியோடு கோயிலுக்கு வந்து எப்போதும் போல மாலை கட்டினார், மிளகுப் பொங்கலும் சாப்பிட்டார். அதுதான் சரி. அன்றைக்கு மட்டும் பத்தியமாகச் சாப்பிட்டால் உண்மையான நிலவரம் பெட்டியில் பதிவாகாது.

கணக்கு இதுதான்: பெரியவங்களுக்கு உணவுக்குழாயில் பிஎச் 4க்குக் கீழே இருக்கும் நேரம், மொத்த நேரத்தில் 4 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. 24 மணி நேரத்தில் அது ஏறக்குறைய 58 நிமிஷம். 6 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 86 நிமிஷத்துக்கு மேல் போனால், அமில நோய் உறுதி. நடுவில் இருந்தால் மற்றதையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வாங்க.

அக்காவுக்கு வந்தது 4க்கும் கீழே. இருமலுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. டாக்டர் அவருடைய எல்லா மருந்தையும் மேசையில் எடுத்து வைக்கச் சொன்னார். ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிட்ட ஒரு மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும் வகை. அதை மாற்றினார். சில வாரங்களில் இருமல் நின்றது. “ஒன்னும் இல்லை” என்று வந்த ஒரு ரிப்போர்ட், ரெண்டு வருஷம் தேவையில்லாமல் சாப்பிட்ட மாத்திரையிலிருந்து அவரை விடுவித்தது. (யாரும் இதைப் படிச்சுட்டு ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தானா நிறுத்திடாதீங்க. டாக்டர்தான் மாற்றணும்.)

வெள்ளை மாவு மாதிரி குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கும் பேரியம் பரிசோதனையைப் பற்றியும் கேட்பீங்க. அது உணவுக்குழாயின் வடிவத்தைக் காட்டும்: எங்கே சுருங்கி இருக்கு, இரைப்பை மேலே நகர்ந்திருக்கா என்பது தெரியும். அமில நோய் இருக்கா இல்லையா என்று சொல்ல அது ஏற்றதல்ல. எக்ஸ்ரேயில் உலோகம் நிழல் விழும் என்பதால் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வாங்க. மனசு சங்கடப்பட்டால் அன்றைக்கு வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டுப் போங்க.

குழந்தைகளுக்கு: பெரும்பாலும் பரிசோதனையே வேண்டாம்

பால் கக்கும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு “கண்ணு பட்டிருச்சு, திருநீறு போடுங்க” என்று பல தாய்மார்கள் சந்நிதிக்கு வருகிறார்கள். திருநீறு தாராளமாகப் போடலாம். கூடவே நாங்கள் மூன்று கேள்வி கேட்கிறோம்: எடை ஏறுதா? வாந்தி என்ன நிறம்? எவ்வளவு வேகமா வருது?

சின்னக் குழந்தைக்கு அந்த வளையத் தசை இன்னும் பழகவில்லை. குடிப்பது முழுக்கப் பால், இருப்பது படுத்தபடி. அதனால் பால் மேலே வருவது இயற்கை. பெரும்பாலும் 2 மாதத்துக்குள் ஆரம்பிக்கும், 4 மாதம் வாக்கில் அதிகமாக இருக்கும், பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு ஒரு வயசுக்குள் நின்றுவிடும். பிள்ளை சிரிக்குது, குடிக்குது, கிளினிக்கில் எழுதும் குழந்தை சுகாதாரப் புத்தகத்தில் எடைக்கோடு ஏறுதுன்னா ஸ்கோப்பும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம். அந்த எடைக்கோடுதான் பரிசோதனை. இந்த வயசில் அமில மருந்தைக் கொடுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதும் சரியான வழி இல்லை. கக்குதேன்னு குப்புறப் படுக்க வைக்காதீங்க, மல்லாந்துதான் தூங்கணும். பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு வயசு ஆகாத பிள்ளை நாக்கில் பஞ்சாமிர்தம் தடவாதீங்க, அதில் தேன் இருக்கு.

ஆனா எல்லாக் கக்கலும் கக்கல் இல்லை. 5 வாரப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கிட்டு இளம் தம்பதி வந்தாங்க. பால் குடிச்ச சில நிமிஷத்தில் ஓர் அடி தூரம் பீய்ச்சி அடிக்குது, உடனே மறுபடி பசியில் அழுது. ஈரத் துணியும் குறைஞ்சிருந்தது. மிஸ்ஸி அக்கா அர்ச்சனைச் சீட்டுக்குக்கூடக் காத்திருக்க விடவில்லை, நேராக மருத்துவமனைக்கு அனுப்பினார். வயிற்று ஸ்கேனில் இரைப்பையின் வெளி வாசல் தசை தடித்துப் பால் இறங்காமல் அடைத்திருப்பது தெரிந்தது. உடம்பில் உப்புச்சத்தைச் சரிப்படுத்தி அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தப் பையனுக்கு நம்ம கோயிலில்தான் மொட்டை அடித்தார்கள்.

பச்சை நிற வாந்தி என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க. குடல் முறுக்கிக் கொண்டிருக்கலாம். வாந்தியில் ரத்தம், காய்ச்சல், சோர்ந்து துவளுவது, உச்சிக்குழி புடைப்பது, வயிறு உப்புவது, எடை ஏறாதது, 6 மாதத்துக்குப் பிறகு புதுசாக ஆரம்பிப்பது, இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. சில பிள்ளைகளுக்குக் காரணம் பசும்பால் புரத ஒவ்வாமை. அதுக்கு, டாக்டர் மேற்பார்வையில் 2 முதல் 4 வாரம் அந்தப் புரதத்தை நிறுத்திப் பார்ப்பதே பரிசோதனை.

பள்ளி போகும் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வாங்க: நெஞ்சு எரியுது, புளிப்பா வருது. அவங்களுக்குப் பெரியவங்க மாதிரியே 4 முதல் 8 வாரம் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். சாப்பாடு தொண்டையில் சிக்குது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிக்குதுன்னா ஸ்கோப் தேவைப்படலாம். பார்க்க நல்லா இருந்தாலும் சதை எடுத்துச் சோதிப்பாங்க, ஏன்னா ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி வெறும் கண்ணுக்குத் தப்பிவிடலாம். பிஎச் பரிசோதனை பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் மேலே சொன்ன 4, 6 சதவீதக் கணக்கை அவங்களுக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

கோயிலுக்கு வர்றவங்களுக்கு சில விஷயங்கள்

தைப்பூச விரதத்தின் நடுவில் பிஎச் பரிசோதனைத் தேதி வந்தால், அதை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கேளுங்க. விரதச் சாப்பாட்டில் எடுக்கும் அளவு உங்கள் வழக்கமான நாளைக் காட்டாது. ஸ்கோப் தேதியை மட்டும் வேண்டுதலுக்காகத் தள்ளிப் போடாதீங்க. அரசாங்க மருத்துவமனையில் மறுபடி தேதி கிடைக்க எவ்வளவு காத்திருக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

சாப்பிட்ட உடனே சாஷ்டாங்கமா விழுந்து கும்பிட்டால் புளிப்பு மேலே வரும். கும்பிட்டுவிட்டுப் பந்திக்கு வாங்க. ராத்திரிப் பந்தியை நாங்கள் இப்போது 7.30க்கே ஆரம்பிக்கிறோம். வீட்டுக்குப் போய்ப் படுக்கும் முன் 2, 3 மணி நேரம் இடைவெளி கிடைக்கட்டும் என்பதுக்காகத்தான். “ஏன் இவ்வளவு சீக்கிரம்?” என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. எந்தப் பரிசோதனை சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்க: இது எதைக் கண்டுபிடிக்க? நான் சாப்பிடும் மருந்தில் எதை, எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்? ஒன்னும் இல்லைன்னு வந்தால் அடுத்து என்ன? மூன்றாவது கேள்வியை மறக்காதீங்க. பூக்கட்டும் அக்கா அழுததே அதைச் சொல்ல ஆள் இல்லாமல்தான்.

மிஸ்ஸி அக்கா வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் 6 மணியிலிருந்து மடப்பள்ளிப் பக்கம் இருப்பார். ரிப்போர்ட் புரியலைன்னா எடுத்துக்கிட்டு வாங்க. அவர் மருந்து சொல்ல மாட்டார், டாக்டரிடம் என்ன கேட்கணும்னு எழுதித் தருவார். தனியா மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் வயசானவங்க இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்க.

இந்தப் பதிவை வீட்டில் ஈனோ டப்பா வைத்திருக்கும் எல்லாருக்கும் அனுப்புங்க. எல்லாரும் நல்லா இருக்கணும்.